பின் சீட்டுக் கணக்கு: ஹேட்ச்பேக்கா, செடானா?

சிங்கப்பூரில் ஹேட்ச்பேக் வாங்கினால் பணம் மிச்சம் என்று யாராவது சொன்னால், ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். தமிழ்நாட்டில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அங்கே ஸ்விஃப்ட் ஹேட்ச்பேக்குக்கும் டிசையர் செடானுக்கும் உள்ள விலை வித்தியாசம் மாதத் தவணையிலேயே தெரிந்துவிடும். இங்கே நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வண்டிக்குப் போவதில்லை. பத்து வருடம் அதைச் சாலையில் ஓட்டும் உரிமைக்குப் போகிறது. அந்த உரிமைக்கு டிக்கி நீளமா குட்டையா என்ற கவலை கிடையாது.

கணக்கைப் பார்ப்போம். ஓஎம்வி எனப்படும் பொதுச் சந்தை மதிப்பு 18,000 வெள்ளி உள்ள ஒரு சின்ன ஹேட்ச்பேக். சுங்க வரி 20 விழுக்காடு, அதாவது 3,600. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 1,944. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளி வரை நூறு விழுக்காடு என்பதால் இன்னொரு 18,000. பதிவுக் கட்டணம் 350. கூட்டினால் 41,894 வெள்ளி. இதன் தலைமேல் வாகன உரிமைச் சான்றிதழ், எல்லோரும் சொல்கிற சிஓஇ, வந்து உட்காரும். ஏ பிரிவு சிஓஇ 2023-இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது நினைவிருக்கும். கணக்குக்கு வசதியாக ஒரு லட்சம் என்றே வைத்துக்கொண்டால் மொத்தம் 141,894.

அதே நிறுவனத்தின் செடானுக்கு ஓஎம்வி 1,500 வெள்ளி கூடுதல், 19,500 என்று வையுங்கள். வரிகள், கட்டணங்கள், சிஓஇ எல்லாம் சேர்த்து 145,356 வருகிறது. வித்தியாசம் 3,462 வெள்ளி. பத்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 350 வெள்ளிகூட இல்லை. முகவரின் லாபத்தையும் மாசு வெளியேற்றத் திட்டத்தின் கழிவு அல்லது கூடுதல் கட்டணத்தையும் நான் சேர்க்கவில்லை. அவை மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் ஒரே இன்ஜின் உள்ள இரண்டு உடல்களுக்கு இடையில் அவை பெரிய மலையைக் கொண்டுவந்து நிறுத்துவது அபூர்வம். சாலை வரி இன்ஜின் கொள்ளளவை மட்டும் பார்க்கும். 1,496 சிசி பெட்ரோல் இன்ஜின் என்றால் வருடத்துக்குச் சுமார் 682 வெள்ளி, பின்னால் பெட்டி நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஆகவே இந்த ஊரில் ஹேட்ச்பேக்கா செடானா என்பது விலைக் கேள்வியே அல்ல. ஒரே ஓர் இடத்தைத் தவிர.

இருபதாயிரம் வெள்ளிக் கோடு

அந்த ஓர் இடம் கடன். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி ஓஎம்வி 20,000 வெள்ளிக்குள் இருக்கும் காருக்கு வாங்கும் விலையில் 70 விழுக்காடு வரை கடன் வாங்கலாம். 20,000-ஐத் தாண்டிவிட்டால் 60 விழுக்காடுதான். இரண்டுக்கும் உச்சக் காலம் ஏழு வருடம். இது 2016 மே மாதத்திலிருந்து இருக்கும் விதி.

150,000 வெள்ளிக் காருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் கையிலிருந்து போட வேண்டியது 45,000. அந்தப் பக்கம் போனால் 60,000. ஓஎம்வி சில நூறு வெள்ளி ஏறியதற்காக 15,000 வெள்ளி ரொக்கமாகத் தேட வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு 20,000-க்கு மேல் போகும் ஒவ்வொரு வெள்ளிக்கும் கூடுதல் பதிவுக் கட்டணம் 140 விழுக்காடு.

இந்தக் கோட்டில் அடிக்கடி சிக்குவது செடான்தான். ஹேட்ச்பேக் 18,000, 19,000 என்று கோட்டுக்குள் நிற்கும். அதன் செடான் அண்ணன் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்திருப்பார். ஓஎம்வியைச் சுங்கத்துறை வண்டிக்கு வண்டி நிர்ணயிக்கிறது என்பதால் ஒரே மாடலே ஒரு கப்பலில் கோட்டுக்குக் கீழேயும் அடுத்த கப்பலில் மேலேயும் வரலாம். ஷோரூமில் விற்பனையாளர், "ஓஎம்வி கிட்டத்தட்ட இருபதுதான் சார்" என்று சொன்னால் அந்தக் "கிட்டத்தட்ட"வை விடாதீர்கள். எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வேறு பக்கம் வந்துவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். டிக்கியைத் திறந்து பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பத்து வருடத்துக்கு முன் வண்டியைப் பதிவுநீக்கினால் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். அதுவும் சிஓஇயில் மிஞ்சிய காலத்துக்கான தொகையும் சேர்ந்ததைத்தான் பேப்பர் வேல்யூ என்பார்கள். அந்தக் கட்டணப் பங்கை அரசாங்கம் பட்ஜெட்டில் மாற்றியிருக்கிறது. 2023-இல் அதற்கு ஓர் உச்சவரம்பு வந்தது. நீங்கள் வாங்கும் மாதத்தில் என்ன விதி என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேட்ச்பேக், செடான் வேறுபாட்டில் அதற்குப் பங்கு சொற்பம்.

துவாஸுக்குத் தனியாகப் போகிறவர்

விலையைத் தாண்டியாயிற்று. இனி உண்மையான கேள்வி: உங்கள் காரின் பின் சீட் வாரத்தில் எத்தனை நாள் காலியாக இருக்கும்?

ஹேட்ச்பேக்கின் பெருமையெல்லாம் பின் சீட்டை மடக்கினால்தான் வெளியே வரும். மடக்கினால் சலவை இயந்திரத்தின் அட்டைப்பெட்டியைக்கூட முழுங்கும் வண்டி, மடக்காவிட்டால் ஒரு பெரிய சூட்கேஸுக்கே முனகும். விற்பனைத் துண்டறிக்கையில் மடக்கிய அளவைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் சீட்டை யாரும் மடக்க முடியாது.

இதைச் சுத்தமாகப் பார்க்க மாஸ்டா 2 நல்ல உதாரணம். ஒரே பெயரில் இரண்டு உடலும் சிங்கப்பூரில் ஓடுகின்றன. இரண்டுக்கும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.57 மீட்டர், அகலம் 1.695 மீட்டர். முன்னால் பார்த்தால் அண்ணன் தம்பி அடையாளம் தெரியாது. ஹேட்ச்பேக்கின் நீளம் சுமார் 4.06 மீட்டர், டிக்கி 280 லிட்டர். செடான் சுமார் 4.34 மீட்டர், டிக்கி 440 லிட்டர். பின்னால் ஒரு முழம்கூட இல்லாத அந்த நீட்டல்தான் 160 லிட்டரைக் கொடுக்கிறது. ஹோண்டாவில் மூன்றாம் தலைமுறை ஜாஸ் 354 லிட்டர், சிட்டி 500-க்கு மேல். டொயோட்டா வியோஸின் டிக்கியும் 500 லிட்டரைத் தொடும். மலேசியாவுக்குப் போகும் இரண்டாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓடும் மலேசிய வண்டிகளில் பெரோடுவா மைவி 277 லிட்டர், அதே நிறுவனத்தின் பெஸ்ஸா 508.

இப்போது மேற்குக் கோடியில் தொழிற்சாலைகள் நிறைந்த துவாஸுக்கு வருவோம். இதை வாசிப்பவர்களில் துவாஸில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கே வேலை செய்யும் நம்மவர்களில் பெரும்பாலோர் தங்குவிடுதியிலிருந்து லாரியிலும் கம்பெனிப் பேருந்திலும் போய் வருகிறவர்கள். கார் வாங்க நினைப்பவர் பெரும்பாலும் மேற்பார்வையாளர், பாதுகாப்பு அதிகாரி, பிராசஸ் இன்ஜினியர், யார்டில் பல வருடம் போட்டு நிரந்தரவாசம் வாங்கி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் குடும்பத்தோடு இருப்பவர். 2017 ஜூனில் துவாஸ் லிங்க் வரை எம்ஆர்டி வந்துவிட்டது. பகல் வேலைக்கு அது போதும் என்பதே என் கருத்து. ஆனால் நிலையத்திலிருந்து துவாஸ் சவுத் பக்கம் உள்ளே போக இன்னொரு பேருந்து வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அந்தக் கணக்கு உதைக்கும். கார் ஆசை அங்கேதான் முளைக்கிறது.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்தோ சுவா சூ காங்கிலிருந்தோ தனியாக ஓட்டிப் போகிறவரின் பின் சீட் வாரத்தில் ஐந்தாறு நாள் காலி. அதில் பாதுகாப்புத் தொப்பியும் ஒரு பையும் இருக்கும். இவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஹேட்ச்பேக் என்பேன், ஒரு விஷயத்தைத் தவிர. கப்பல் பட்டறையிலோ ரசாயன ஆலையிலோ வேலை பார்ப்பவரின் கவரால் துணிக்கும் பாதுகாப்பு பூட்ஸுக்கும் ஒரு வாடை உண்டு. கிரீஸ், பெயின்ட், வெல்டிங் புகை எல்லாம் கலந்தது. ஹேட்ச்பேக்கில் டிக்கியும் ஆள் உட்காரும் இடமும் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. நடுவில் இருப்பது ஒரு மெல்லிய பலகை மட்டும். துவாஸில் நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டியைச் சாயங்காலம் திறந்தால் அந்த வாடை முதலில் வந்து வரவேற்கும். செடானில் அது பின்பெட்டிக்குள் தனியாகக் கிடக்கும். வேலைத்துணியைக் கம்பெனியிலேயே துவைக்கப் போடுகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. வீட்டுக்கு எடுத்து வருகிறவர் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டு ஹேட்ச்பேக்கையே எடுக்கலாம்.

தனியாகப் போகாமல் கூட வேலை செய்யும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுப் போகிறவர்களும் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு பயணம் வரை இப்படிச் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. லாபம் பார்க்கக் கூடாது. நான்கு பேர், நான்கு பை, நான்கு ஹெல்மெட். இங்கே பின் சீட் தினமும் நிறைந்திருக்கிறது. செடான்தான்.

ஏஒய்இ மழையும் பின் கண்ணாடியும்

துவாஸ் சாலையில் ஓட்டுவது நகரத்துக்குள் ஓட்டுவதுபோல் அல்ல. 2022 செப்டம்பரில் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அதன் வேலைகள் 2040-கள் வரை தொடரும். கொள்கலன் ஏற்றிய டிரெய்லர்கள், கான்கிரீட் லாரிகள், ஆள் ஏற்றிய லாரிகள், அதிகாலையில் ஜோகூரிலிருந்து சாரைசாரையாக வரும் மோட்டார்சைக்கிள்கள் எல்லாவற்றுக்கும் ஏஒய்இ என்கிற ஆயர் ராஜா விரைவுச்சாலைதான் வழி.

மழை பிடித்துக்கொண்டால் டிரெய்லரின் டயர்கள் கிளப்பும் சேற்றுத் தூவானம் காரைச் சுற்றி மூடும். ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் செங்குத்தாக வெட்டியதுபோல் இருப்பதால் ஓடும்போது காற்று பின்னால் சுழன்று அந்த அழுக்குத் தண்ணீரைக் கண்ணாடி மேலேயே அப்பும். அதனால்தான் ஹேட்ச்பேக்குக்குப் பின் வைப்பர் வைக்கிறார்கள். செடானின் சாய்ந்த கண்ணாடியில் அது இல்லாவிட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம். பழைய ஹேட்ச்பேக் வாங்குகிறவர்கள் பலர் முன் வைப்பரைப் போட்டுப் பார்ப்பார்கள், பின் வைப்பரைத் தொடவே மாட்டார்கள். அதன் ரப்பர் வெயிலில் காய்ந்து கட்டையாகிப் போயிருக்கும். தண்ணீர் பீச்சும் குழாயும் அடைத்திருக்கும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். பின்னால் டிரெய்லர் நெருங்கி வரும்போது அந்தக் கண்ணாடி வேண்டும்.

இரைச்சலையும் சொல்ல வேண்டும். ஹேட்ச்பேக்கில் பின் சக்கரத்தின் சத்தம் டிக்கி வழியாக நேராகக் காதுக்கு வரும். துவாஸிலிருந்து சிராங்கூன் ரோடு வரை தீவைக் குறுக்கே கடக்கிறவர்களுக்கு இது உறைக்கும். டயர் மாற்றும்போது சத்தம் குறைந்த டயராகக் கேட்டுப் போட்டால் ஓரளவு குறையும்.

பின்னாலிருந்து இடித்தால் எது பத்திரம் என்று கேட்பார்கள். செடானில் பின்சீட்டுக்கும் பம்பருக்கும் நடுவே இடம் அதிகம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சட்டகம் எப்படி நசுங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்பது மாடலைப் பொறுத்தது. வண்டியின் பொதுவான பாதுகாப்புக்கு ஆசியான் என்கேப் மதிப்பீட்டை மாடல் பெயரும் வருடமும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

தேக்கா, முஸ்தபா, சாங்கி

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா ஈரச்சந்தையில் வஞ்சிரமும் ஆட்டுக்கறியும் வாங்கிக்கொண்டு வருகிற குடும்பம் டிக்கியைப் பற்றி ஒரே நாளில் முடிவுக்கு வந்துவிடும். மீன் பையில் எத்தனை முடிச்சுப் போட்டாலும் ஐஸ் உருகிக் கொஞ்சம் தண்ணீர் கசியும். செடானில் டிக்கியை மூடினால் விஷயம் முடிந்தது. வீட்டுக்குப் போய் ரப்பர் விரிப்பைக் கழுவிக் காயப்போட வேண்டும், அவ்வளவுதான். ஹேட்ச்பேக்கில் புக்கிட் தீமா தாண்டுவதற்குள் முன் சீட்டில் இருப்பவர் ஜன்னலைக் கீழே இறக்குவார். அதே கடைத்தெருவில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைப்பவருக்குக் கதை வேறு. ஹேட்ச்பேக்கில் கதவு கூரை வரை திறக்கும், வாசல் அகலம். மூட்டையை அப்படியே சரித்து உள்ளே தள்ளலாம். செடானில் குனிந்து, மூட்டையைச் சின்ன வாய் வழியாக உள்ளே இறக்க வேண்டும். முதுகுவலிக்காரர்கள் இதைக் கவனியுங்கள்.

இந்த "வாய்" விஷயம் முக்கியமானது. லிட்டர் கணக்கு டிக்கியின் வயிற்றைச் சொல்லும், வாயைச் சொல்லாது. 440 லிட்டர் செடானுக்குள் நுழையாத தொலைக்காட்சிப் பெட்டி, 280 லிட்டர் ஹேட்ச்பேக்கில் சீட்டை மடக்கினால் நுழைந்துவிடும். முஸ்தபா கடையில் இரவு பதினோரு மணிக்குப் பெரிய பெட்டி ஏதாவது வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை யோசிக்கலாம். தைப்பூசத்துக்குக் காவடியைப் பிரித்து எடுத்துப் போகிறவர்களுக்கும் நீளமான சட்டங்களை வைக்க ஹேட்ச்பேக்தான் வசதி. ஜாஸ் இதில் தனி ரகம். அதன் பெட்ரோல் தொட்டியை முன் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டதால் பின் சீட்டின் உட்காரும் பலகையை மேலே தூக்கி நிறுத்தலாம். உயரமான செடித்தொட்டியையே நிமிர்த்தி வைக்கலாம். சின்ன ஹேட்ச்பேக் என்றாலே ஜாஸ் என்று சிங்கப்பூரில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் முடிவைச் செய்வது காவடியோ தொலைக்காட்சியோ அல்ல, சாங்கி விமான நிலையம். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ அப்பா அம்மா வருகிறார்கள். ஆளுக்கொரு பெரிய சூட்கேஸ். முறுக்கு, ஊறுகாய், பித்தளைக் குத்துவிளக்கு வந்த கைப்பைகள் வேறு. அழைக்கப் போகிறவர் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க முடியுமா? ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டால் மடக்க சீட் இல்லை. 280 லிட்டரில் ஒரு பெரிய சூட்கேஸும் ஒரு சின்னதும் வைக்கலாம். இரண்டாவது பெரியது யார் மடியிலாவது உட்கார வேண்டும். 440 லிட்டரில் இரண்டும் போகும். பிள்ளை 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் சட்டப்படி தக்க இருக்கை கட்டாயம். அது பின் சீட்டில் ஒன்றரை ஆள் இடத்தைப் பிடிக்கும்.

இதற்காக மட்டும் செடான் வாங்கலாமா? வருடத்துக்கு ஒரு தடவை பெற்றோர் வருவார்கள் என்றால் வேண்டாம். அன்றைக்கு ஆறு பேர் உட்காரும் வாடகைக் காரைக் கூப்பிடுங்கள். அடிக்கடி வந்துபோகிறவர்கள் உள்ள வீட்டில், இரண்டு சின்னப் பிள்ளைகளும் தள்ளுவண்டியும் உள்ள வீட்டில், வாரக்கடைசியில் பின் சீட் நிறைந்தே இருக்கும் வீட்டில் செடானை எடுங்கள்.

நிறுத்துமிடம்

சின்ன கார்தான் நிறுத்த வசதி என்பதில் பாதிதான் உண்மை. இங்கே சாதாரண நிறுத்துமிடக் கட்டத்தின் குறைந்தபட்ச அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். மாஸ்டா 2-இன் இரண்டு உடல்களும் நீளத்தில் உள்ளே அடங்கிவிடும். வீவக அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் உங்களைப் படுத்துவது அகலம். 1.695 மீட்டர் அகல வண்டியை நிறுத்தினால் இரண்டு பக்கமும் சேர்த்து 70 சென்டிமீட்டர் மிஞ்சும். 1.825 மீட்டர் உள்ள ஹியுண்டாய் அவான்டேயை நிறுத்தினால் 57 சென்டிமீட்டர்தான். தூணோரக் கட்டத்தில் குழந்தை இருக்கையிலிருந்து பிள்ளையைத் தூக்கியவர்களுக்கு அந்தப் பதின்மூன்று சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

நீளம் உதவுவது ஓரமாக ஒட்டி நிறுத்தும் கட்டங்களில். அவை 5.4 மீட்டர். லிட்டில் இந்தியாவின் குறுகிய தெருக்களில், பின்னால் டாக்சி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஹேட்ச்பேக்கை ஒரே திருப்பில் நுழைத்துவிடலாம். பின்முனை எங்கே முடிகிறது என்பதும் தெரியும். கண்ணாடி முடிகிற இடத்தில் வண்டி முடிந்துவிடும். தீபாவளிக் கடைசி வாரத்தில் காரை வீட்டில் விட்டுவிட்டு எம்ஆர்டியில் போங்கள், அது எந்த வண்டிக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு தூண்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் காரில் ஏ பிரிவு என்பது 1,600 சிசிக்கும் 97 கிலோவாட்டுக்கும் உட்பட்டது. நீளம், அகலம் அதில் கிடையாது. அதனால் விற்பனையாளர் சொல்வார்: "சிஓஇ ஒன்றுதான் சார். இவ்வளவு கொடுத்துட்டு ஏன் சின்ன வண்டி? கொஞ்சம் மேலே போட்டு அவான்டேயோ ஆல்டிஸோ எடுங்க." கணக்கில் அவர் சொல்வது சரி. இந்த வாதத்தால்தான் சிங்கப்பூரில் சின்ன செடான்கள் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கின. ஆனால் அந்தக் "கொஞ்சம் மேலே" இருபதாயிரம் வெள்ளிக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் புளோக்கின் நிறுத்துமிடத்தையும் நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

இந்தியாவில் கதை நேர்மாறு. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன வண்டிகளுக்குக் கலால் வரியைக் குறைத்தார்கள். நிறுவனங்கள் செடானின் வாலை வெட்ட ஆரம்பித்தன. 2008-இல் 4.16 மீட்டராக வந்த டிசையர் 2012-இல் 3.995 மீட்டராகச் சுருங்கியது. டிக்கி 316 லிட்டராகியது. ஊரில் அந்த வண்டியை ஓட்டிப் பழகி வந்தவர்கள், "சின்ன செடான்ல பெரிசா இடம் இருக்காதே" என்பார்கள். இங்கே ஓடும் சிட்டியையும் வியோஸையும் வரிக்காக யாரும் வெட்டவில்லை. திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இரண்டாம் பாலம் தாண்டுகிறவர்களுக்கு

1998-இல் திறந்த துவாஸ் இரண்டாம் பாலம் வழியாக கெலாங் பாத்தா, புக்கிட் இண்டா பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சிங்கப்பூர் வண்டி எதுவானாலும் புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் மலேசியாவின் விஇபி எனப்படும் வாகன நுழைவு அனுமதி இல்லாத வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். அங்கே ரான் 95 பெட்ரோல் வெளிநாட்டு வண்டிக்குக் கிடையாது. இவை எல்லா உடலுக்கும் பொது. உடலைப் பொறுத்து மாறுவது ஒன்று: கடைத்தொகுதி வாசலில் வண்டியை நிறுத்தி, சாமானை உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்போது ஹேட்ச்பேக்கில் என்ன இருக்கிறது என்பது கண்ணாடி வழியே தெரியும். டிக்கியை மூடும் பலகை பழைய வண்டிகளில் பெரும்பாலும் தொலைந்தே போயிருக்கும். வாங்கும்போதே அது இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக வாங்கப் போனால் அலைய வேண்டியிருக்கும்.

கையெழுத்துக்கு முன்

ஷோரூமுக்கு வீட்டிலிருக்கும் மிகப் பெரிய சூட்கேஸை எடுத்துக்கொண்டு போங்கள். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும். காலியாக வேண்டாம், பழைய துணி போட்டு நிரப்பிக்கொண்டு போங்கள்; காலிப் பெட்டி நெளிந்து கொடுத்து ஏமாற்றும். படுக்கவைத்தால் போகிறதா, நிற்கவைத்தால் கதவு மூடுகிறதா என்று இரண்டு விதமாகவும் பாருங்கள். பின் சீட்டில் குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டு வீட்டில் உயரமானவரை அதன் முன்னால் உட்காரவைத்துப் பாருங்கள். செடானின் டிக்கி மூடியைத் திறந்து, அதன் வளைந்த கம்பிகள் மூடும்போது உள்ளே எவ்வளவு தூரம் இறங்குகின்றன என்று கையை வைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் அவை சூட்கேஸின் மேலேயே வந்து உட்காரும். 440 லிட்டரில் ஒரு பங்கை அவையே சாப்பிட்டுவிடும்.

டிக்கி விரிப்பைத் தூக்குங்கள். அடியில் மாற்றுச் சக்கரம் இருக்கிறதா, அல்லது பஞ்சர் ஒட்டும் மருந்துக் குப்பியும் சின்ன பம்ப்பும் மட்டுமா? சாலையோரங்களில் லாரிகளிலிருந்து விழுந்த போல்ட்டும் கம்பித்துண்டும் கிடக்கும் துவாஸ் பக்கம் தினமும் ஓட்டப்போகிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மருந்துக் குப்பி ஆணி ஓட்டையை அடைக்கும், டயரின் பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது. பழைய வண்டியாக இருந்தால் விரிப்புக்கடியில் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமோ துருவோ தட்டுப்பட்டால், ஹேட்ச்பேக்கில் கதவு ரப்பரையும் செடானில் பின் விளக்குகளின் ஓரத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். பின்னாலிருந்து இடிபட்டுச் சரிசெய்த வண்டியிலும் இதே ஈரம் தெரியும், அதனால் விற்பவரிடம் விபத்துக் கோரிக்கை உண்டா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

முடிந்தால் இரண்டு வகையையும் கார்ஷேரிங்கில் ஒரு வாரக்கடைசிக்கு ஒன்றாக எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒன்றை இரவு ஷிஃப்டுக்கும், இன்னொன்றைக் குடும்பத்தோடு தேக்காவுக்கும் என்று பிரித்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் இரண்டுக்கும் ஓட்டுங்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வெள்ளியில் கை வைப்பதற்கு முன் ஆகும் அந்த வாடகை பெரிதல்ல.